பழைய டர்போ காரில் ஆயில் லீக்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

“அண்ணே, போர்மேன் டர்போ போச்சுன்னு சொல்றாரு. மாத்திடலாமா?”

பழைய டர்போ கார் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ உள்ள கார்) வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு வரும் மெசேஜ் பெரும்பாலும் இதுதான். கூடவே ஒரு போட்டோ இருக்கும். எஞ்சின் முழுக்கப் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடக்கும். அதைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “பி.சி.வி. பாத்தாச்சா?” பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். எஞ்சின் அடிவயிற்றில் சேரும் புகையை வெளியே இழுத்து மறுபடி எரிய அனுப்பும் குழாய், வால்வு அமைப்புதான் பி.சி.வி.

கோலாலம்பூரில் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வந்த வால்வோ, சாப், சுபாரு, ஆவ்டி டர்போ கார்களை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாடல் எதுவானாலும் ஆயில் லீக்கைத் தேடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் காரில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

*அது எஞ்சின் ஆயில்தானா?* இரவு கார் நிறுத்தும்போது கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் டயர்கள் எங்கே நிற்கின்றன என்று பேனாவால் கோடு போடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் தெளிவாகத் தெரியும். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். அவையும் பழசானால் பழுப்பாகிவிடும், அதனால் சந்தேகமாக இருந்தால் அந்தந்த அளவையும் பாருங்கள். பச்சை, நீலம், ரோஸ் நிறத்தில் லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். நிறமே இல்லாத வெறும் தண்ணீர், பயணி கால் வைக்கும் பக்கத்துக்குக் கீழே விழுந்தால் அது ஏர்கான் தண்ணீர். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது சொட்டத்தான் செய்யும். கொண்டோ மேனேஜ்மென்ட் கார் நிறுத்தும் இடத்தில் கறை என்று கடிதம் அனுப்பி, கடைசியில் அது ஏர்கான் தண்ணீரும் தரைத் தூசியும் சேர்ந்ததாக இருந்ததும் உண்டு.

*கழுவுங்கள்.* அழுக்கு எஞ்சினில் லீக் தேடுவது வீண் வேலை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ஆல்டர்னேட்டர், காயில், ஏர் பில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். பிரேக் கிளீனரை மட்டும் சூடான டர்போ மேலும் எக்ஸாஸ்ட் மேலும் அடிக்கவே கூடாது. பல வகை சட்டென்று தீப்பிடிக்கும். குளோரின் கலந்த வகை சூட்டில் விஷவாயுவாக மாறும்.

*பவுடர் போடுங்கள்.* காய்ந்த பிறகு, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். பத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் லைட்டோடு பாருங்கள். வெள்ளையில் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். வண்டி வேகமாகப் போகும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களிலேயே எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் ஊற்று. கீழே ஆயில் பேன் (ஆயில் தேங்கும் அடித்தட்டு) நனைந்திருக்கிறது என்று உடனே பேன் காஸ்கட்டை மாற்றினால், எஞ்சினின் உச்சியை மூடும் டாப் கவரிலிருந்து வருவது அப்படியே வந்துகொண்டிருக்கும். பவுடர் போதாத இடத்துக்கு எஞ்சின் ஆயிலில் கலக்கும் யு.வி. சாயமும் நீல டார்ச்சும் கடைகளில் கிடைக்கின்றன. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் இண்டு இடுக்குகளுக்கு அது நல்லது.

*கையுறைச் சோதனை.* டர்போ காரில் இதைச் செய்யாமல் ஒரு சீல்கூட வாங்க வேண்டாம். எஞ்சின் சூடாகி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடட்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை மாட்டுங்கள்.

கையுறை லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது, பி.சி.வி. வேலை செய்கிறது.

கையுறை உப்பி நின்றால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பி.சி.வி. அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். முதலில் பி.சி.வி.யைச் சரிசெய்து மறுபடி பாருங்கள்.

மூடியைக் கழற்றவே முடியாதபடி உள்ளே பலமாக இழுத்துப் பிடித்திருந்தால், அல்லது கழற்றியதும் எங்கிருந்தோ வந்த கீச்சென்ற சத்தம் நின்றால், பி.சி.வி. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் திரை கிழிந்திருக்கிறது.

மூடியைத் திறந்தால் ஆயில் தெறிக்கும் எஞ்சின்களும் உண்டு. அப்படியானால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, அந்தக் குழாய் வாயிலிருந்து புகை விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கையுறை உப்பியதற்குச் சமம்.

பி.சி.வி. குழாயைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். வெளியே கறுப்பாக, முழுசாகத்தான் தெரியும். கிளிப்பைத் தளர்த்தி லேசாக வளைத்துப் பாருங்கள், அடிப்பக்கம் முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையோடு வரும். உள்ளே விரல் விட்டால் கெட்டிக் கறுப்புக் களி. குழாய் சேரும் பிளாஸ்டிக் மூக்குகளும் சூட்டில் வெந்து, தொட்டாலே ஒடியும் நிலையில் இருக்கும். ஆகவே பி.சி.வி. வேலையைத் தொடங்கும் முன்பே குழாய், புகையிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பெட்டி, ஒருவழி வால்வு எல்லாம் கையில் இருக்கட்டும். ஒருவழி வால்வை வாயால் ஊதிச் சோதிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போக வேண்டும். இரண்டு பக்கமும் போனாலும், இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் குப்பைதான். வால்வோ 850 போன்ற ஐந்து சிலிண்டர் வண்டிகளில் இந்தப் பெட்டி இன்டேக் மேனிபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பெட்டியை மட்டும் புதுசாகப் போட்டுவிட்டு, எஞ்சின் பிளாக்கில் இருக்கும் துவாரங்களைத் தோண்டிச் சுத்தம் செய்யாமல் மூடினால் போட்ட காசு வீண்.

அறிகுறி: காலையில் தரையில் சொட்டு, வாடை இல்லை, புகை இல்லை

*சமீபத்தில்தான் ஆயில் மாற்றினீர்களா?*

ஆம் என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் டிரெயின் நட்டையும் ஆயில் பில்டரையும் பாருங்கள். டிரெயின் நட்டின் செப்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்காதீர்கள். அலுமினிய ஆயில் பேனில் மரை போய்விட்டால் வேலை இரட்டிப்பாகும். பில்டரில் பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது பில்டர் ஏறியிருந்தால் அது சொட்டாது, கொட்டும். ஐடிலில் சரியாக இருந்துவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் இருக்கும். பில்டரை ரப்பர் பட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

*ஆயில் பிரஷர் சுவிட்ச் பார்த்தீர்களா?*

கைக்கு அடக்கமான பொருள், விலையும் குறைவு. ஆனால் ஆயில் பேன் லீக் போலவே ஏமாற்றும். அதன் மேல் மாட்டிய வயர் சாக்கெட்டைக் கழற்றுங்கள். சாக்கெட்டுக்குள் ஆயில் இருந்தால் சுவிட்ச் நடுவழியாக ஒழுகுகிறது. மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

*பில்டர் உட்காரும் அடித்தளம், ஆயில் கூலர்?*

பில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆயில் கூலர் இருக்கும் வண்டிகளில் அதன் ஓ-ரிங் கல்லாகிவிடும். பில்டரைப் பிடித்துக் கீழே ஓடும், பில்டர் லீக் என்றே நினைக்க வைக்கும். ஓ-ரிங் சில வெள்ளிதான். கூலண்டை இறக்கி ஏற்ற வேண்டியிருப்பதுதான் தொல்லை.

*டாப் கவர் காஸ்கட்?*

மேலே நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாகப் பின்மூலை. சாதாரண ரப்பர் காஸ்கட் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். புக்கில் சொன்ன விசைக்கு மட்டும், நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் இறுக்குங்கள். வால்வோ 850 வகையில் அங்கே ரப்பர் காஸ்கட்டே கிடையாது. உருளையால் பூசும் தனி திரவ சீலன்ட்தான், கேம்ஷாப்டையும் அந்தக் கவர்தான் பிடித்திருக்கிறது. அதை வீட்டில் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

*சொட்டு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் விழுகிறதா?*

உடனே “ரியர் மெயின் சீல் (கிராங்க்ஷாப்டின் பின்முனை சீல்), கியர்பாக்ஸ் இறக்கணும்” என்பார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டாப் கவர் பின்மூலையிலும் கேம் பின்சீலிலும் ஒழுகும் ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி இதே இடத்தில்தான் சொட்டும். மேலேயிருந்து பவுடர் சோதனை செய்து அதை விலக்குங்கள். சொட்டை விரலில் எடுத்து மோந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது மேனுவல் கியர் ஆயில், சீல் வேறு. மேனுவல் வண்டியில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

ரியர் மெயின் சீலே தான் என்று உறுதியானால், சீலின் விலை சின்னது, கூலிதான் பெரிது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச்சையும் கேம் பின்சீலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கையுறை உப்பும் எஞ்சினில் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே ஒழுகும். இது ஒர்க்ஷாப் வேலை, ஜாக் வைத்து வீட்டில் செய்யும் வேலை இல்லை.

*டைமிங் பெல்ட் பக்கம் ஈரமா?*

கேம் முன்சீல் அல்லது கிராங்க் முன்சீல். சொட்டு சின்னதாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் ஊறிய ரப்பர் பெல்ட் பல் தாண்டும், இல்லை அறுந்துபோகும். பல டர்போ எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். சீல், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போர்மேனிடம் செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: ஜாமில் நின்றால் ஆயில் கருகும் வாடை, போனட் இடுக்கில் மெல்லிய புகை

ஜாலான் ஈப்போவிலோ பெடரல் ஹைவேயிலோ நகராமல் நிற்கும்போது ஏர்கான் துவாரம் வழியாக இந்த வாடை உள்ளே வரும். வண்டி ஓடும்போது காற்று அடித்துப் போய்விடுவதால் தெரியாது. சூடான எக்ஸாஸ்ட் மேல் எங்கிருந்தோ ஆயில் விழுகிறது என்று அர்த்தம். மற்ற லீக்குகளுக்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தீ பிடிக்கும் லீக் இதுதான்.

முதலில் டாப் கவர் காஸ்கட்டின் எக்ஸாஸ்ட் பக்கம். இது மலிவு, பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கே காய்ந்திருந்தால் அடுத்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மேல்குழாய். குழாய் முனையைப் பிடிக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் செப்பு வாஷர்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றினால் வாஷர் இரண்டையும் புதுசாகப் போடுங்கள். சில சுபாரு டர்போ எஞ்சின்களில் அந்தப் போல்ட்டுக்குள்ளேயே சிறிய வலை பில்டர் ஒன்று இருக்கும். அது அடைத்தால் டர்போவுக்கு ஆயில் போகாது. கழற்றிய கையோடு அதையும் பாருங்கள்.

மேலே சரியென்றால் கீழே, டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் தடித்த குழாய். மேல்முனையில் காஸ்கட், பிளாக்கில் சேரும் முனையில் பல வண்டிகளில் ஓ-ரிங். சூட்டில் இந்த ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையமாகவே ஆகிவிடும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. பொருள் மலிவு, கை நுழைவதுதான் கஷ்டம். டர்போ பக்கத்து நட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முதல்நாள் இரவே ஆறிய எஞ்சினில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். ஸ்டட் ஒடியும் போலத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். ஒடிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும் கூலி லீக்கைச் சரிசெய்யும் கூலியைவிட அதிகமாகிவிடும்.

புகை திடீரென்று கூடினால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். போனட்டை அகலத் திறக்காதீர்கள், காற்றுக் கிடைத்தால் தீ ஏறும். தள்ளி நின்று 999க்கு அழையுங்கள். பழைய டர்போ காரில் ஒரு சின்ன பவுடர் தீயணைப்பான் இருப்பது நல்லது, அதுவும் பூட்டில் (பின்னால் சாமான் வைக்கும் இடத்தில்) சாமான்களுக்கு அடியில் புதைந்து கிடக்காமல் சீட் பக்கமாக.

அறிகுறி: எக்ஸாஸ்டில் நீலப் புகை

இங்கேதான் டர்போக்கள் அநியாயமாகத் தூக்கி எறியப்படுகின்றன. புகை எப்போது வருகிறது என்பதை முதலில் பிடியுங்கள். பின்னால் ஒரு நண்பரை வேறு காரில் வரச் சொல்லி போனில் எடுக்கச் சொன்னால் வேலை சுலபம்.

*காலை ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்ற புகை, அப்புறம் இல்லை:* வால்வ் சீல் வழியாக இரவில் இறங்கிய ஆயில். ஆயிலின் அளவை மட்டும் கவனித்துக்கொண்டு நிறைய நாள் ஓட்டலாம்.

*நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை:* கெந்திங்கிலிருந்து தாழ்ந்த கியரில் இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது பின்கண்ணாடியில் தெரியும். இதுவும் வால்வ் சீல், வால்வ் கைடு பக்கம்தான் காட்டுகிறது.

*சிக்னலில் சில நிமிடம் நின்று, கிளம்பும்போது புகை:* டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம். ஆனால் டர்போவே கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. டர்போவுக்குள் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் கிடையாது, மெல்லிய உலோக வளையம்தான். திரும்பும் குழாய் வழியாக ஆயில் தன் எடையிலேயே சுலபமாக இறங்கினால்தான் அந்த வளையம் தாங்கும். எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலோ, திரும்பும் குழாய் கரிக்களியால் பாதி அடைத்திருந்தாலோ ஆயில் தேங்கி, நல்ல டர்போவிலும் புகையாக வெளியே வரும். ஆகவே வரிசை இதுதான்: கையுறைச் சோதனை, பி.சி.வி., திரும்பும் குழாயைக் கழற்றி உள்ளே பார்ப்பது. மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் அடுத்த படி.

அடுத்த படி டர்போவைத் தொட்டுப் பார்ப்பது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஏர் பில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நடுநட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, இறக்கைகள் சுவரை உரசிய கோடு இருந்தாலோ, இறக்கை முனை உடைந்திருந்தாலோ டர்போ போய்விட்டது. இனி ஓட்டாதீர்கள், உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போய்விடும்.

*கரக் ஏற்றத்தில் மிதித்துப் பிடிக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து புகை:* பிஸ்டன் ரிங், அல்லது டர்போவின் கம்ப்ரசர் பக்கம். கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்-டௌன் டெஸ்ட் இரண்டையும் ஒர்க்ஷாப்பில் எடுத்து நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ரிங் என்றால் எஞ்சின் ஓவர்ஹால் செய்வதா, ஹாஃப்கட் எஞ்சின் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து வரும் எஞ்சின்) வாங்குவதா, வண்டியை விற்பதா என்ற கணக்கு வந்துவிடும். அந்த முடிவை டெஸ்ட் நம்பர் இல்லாமல் எடுக்காதீர்கள்.

டர்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போர்மேனிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆயில் போகும் குழாய் புதுசாக இருக்க வேண்டும், திரும்பும் குழாய் சுத்தமாக இருக்க வேண்டும், டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்க வேண்டும். மாட்டிய பிறகு டர்போவுக்குள் ஆயில் ஊற்றி, பற்றவிடாமல் எஞ்சினைச் சுழற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதையெல்லாம் “அது தேவையில்ல லா” என்று தள்ளிவிடும் கடையில் டர்போ வேலை கொடுக்காதீர்கள். பழைய டர்போவைக் கொன்ற அதே காரணம் புதுசையும் கொன்றுவிடும்.

அறிகுறி: ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை, ஹைவேயில் போய் வந்தால் நனைகிறது

டர்போ ஊதும்போது மட்டும் வரும் லீக். ஹைவேயில் இழுத்துவிட்டு நிறுத்தி, போனட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அது தன் இடத்திலிருந்து மேலே எழும்பியிருந்தால் பி.சி.வி. ஒருவழி வால்வு மூடவில்லை, டர்போ காற்று எஞ்சின் அடிவயிற்றுக்குப் போகிறது. அழுத்தம் டிப்ஸ்டிக்கைத் தள்ளும், காஸ்கட் இடுக்கிலெல்லாம் ஆயிலைப் பிதுக்கும். மலிவான வால்வு, உடனே மாற்றுங்கள். வால்வு சரியென்றால் டர்போ வாய்க்குழாயோடு சேரும் இன்னொரு பி.சி.வி. குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், ஊதும் நேரத்தில் புகை அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

டிப்ஸ்டிக் அசையவில்லையா? அப்படியானால் முன்னால் ஆயில் கூலருக்குப் போகும் குழாய்கள். ரப்பரும் உலோகமும் சேரும் அமுக்குப் பிடியில் ஈரம் இருந்தால் குழாய் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. ஆயில் பிரஷர் முழுதும் அதற்குள் ஓடுகிறது, பிய்த்துக்கொண்டால் எஞ்சினைக் காப்பாற்ற நேரம் இருக்காது. கிளாம்ப் போட்டு இறுக்கி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். குழாயைக் கழற்றி ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் கொடுத்தால் அதே முனைகளோடு புதுசாக அடித்துக் கொடுப்பார்கள். சூடான எஞ்சின் ஆயிலுக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

அறிகுறி: இன்டர்கூலர் குழாய்க்குள் ஆயில்

கையில் மினுமினுப்பாக ஒட்டும் அளவு இருந்தால் பழைய டர்போ காரில் சாதாரணம், பி.சி.வி. புகை அந்த வழியாகத்தான் போகிறது. குழாயைச் சாய்த்தால் ஊற்றும் அளவு இருந்தால் பி.சி.வி. பார்த்து, அப்புறம் மேலே சொன்னபடி டர்போ ஆட்டம் பாருங்கள். வெளியே குழாய் இணைப்பில் மட்டும் பிசுக்கு என்றால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. துடைத்து இறுக்குங்கள், இழுவையும் கொஞ்சம் திரும்ப வரும்.

அறிகுறி: பிளக் குழியில் ஆயில், எஞ்சின் உதறுகிறது

டாப் கவருக்கு உள்ளே இருக்கும் பிளக் குழாய் சீல். காஸ்கட் செட்டோடு சேர்ந்து வரும், அதையே மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றும் முன் குழியில் தேங்கிய ஆயிலைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஊறிப்போன காயில் ரப்பரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: தரை சுத்தம், டிப்ஸ்டிக் மட்டும் இறங்குகிறது

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில், எஞ்சின் அணைத்துச் சில நிமிடம் கழித்து, மேல்கோடு வரை ஆயில் நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. கழித்து அதே இடத்தில் நிறுத்தி எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை சாதாரணம் என்று எழுதியிருக்கும் ஐரோப்பியக் கார் கையேடுகள் உண்டு. பழைய டர்போ எஞ்சின் அதற்குள் இருந்தால் ஒரு பாட்டில் ஆயிலைப் பூட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள். அதைத் தாண்டினால் கையுறைச் சோதனையிலிருந்து தொடங்கி நீலப் புகைத் தலைப்புக்குப் போங்கள். சூட்டில் எரியும் லீக் தரைக்கே வராது என்பதால் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: கூலண்ட் டேங்கில் பழுப்புக் களி

ஓட்டுவதை நிறுத்துங்கள். டோ டிரக்கை அழையுங்கள், உங்கள் இன்ஷூரன்ஸில் டோ சேவை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஹெட் காஸ்கட். ஆனால் தண்ணீரில் குளிரும் ஆயில் கூலர் உள்ள வண்டியில் கூலருக்குள்ளே தடுப்பு ஓட்டையாகி ஆயில் கூலண்டுக்குள் போவதும் உண்டு, அது ஹெட் வேலையைவிட வெகு மலிவு. ஆட்டோ கியர் வண்டியில் களி ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் கூலர், அப்போது ரேடியேட்டரும் கியர்பாக்ஸ் ஆயிலும் உடனே பார்க்க வேண்டியவை.

ஹெட்டைத் திறக்கும் முன் ஒர்க்ஷாப்பில் இரண்டைக் கேளுங்கள்: ஆயில் கூலரைக் கழற்றிக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது, கூலண்ட் டேங்கில் நீலத் திரவம் வைத்து எக்ஸாஸ்ட் வாயு சோதனை எடுப்பது. நீலம் மஞ்சளானால் ஹெட் பக்கம் பிரச்சனை. மாறவில்லை என்றால் கூலரை முதலில் சந்தேகப்படுங்கள்.

கடைகளில் விற்கும் குறுக்கு வழிகள்

ஸ்டாப் லீக் திரவம் இறுகிய ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச காலம் தாக்காட்டும். டர்போவின் உலோக வளையத்துக்கு அது ஒன்றும் செய்யாது, நான் டர்போ வண்டியில் ஊற்ற மாட்டேன். கொஞ்சம் கெட்டியான ஆயிலுக்கு மாறுவது, கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால், நம்ம ஊர்ச் சூட்டில் சின்னக் கசிவைக் குறைக்கும். பி.சி.வி. அடைத்திருந்தால் எந்த ஆயிலும் உதவாது.

சிலிகான் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ஆயில் பேனைக் கழற்றும்போது உள்ளே சிவப்புச் சிலிகான் புழுக்கள் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால் முதலில் சாவது டர்போ. புக்கில் சீலன்ட் போடச் சொன்ன இடத்தில் மட்டும், சொன்ன வகையில், மெல்லிய கோடாகப் போடுங்கள்.

ஏற்றம் ஏறியதும் சட்டென்று அணைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கெந்திங் செம்பாவில் டீ குடிக்க நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். தண்ணீரால் குளிராத பழைய டர்போவில், நின்றுபோன ஆயில் உள்ளேயே கரியாகித்தான் திரும்பும் குழாயை அடைக்கிறது.

போர்மேனிடம் விடும்போது

“ஆயில் லீக், பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எப்போது வருகிறது, எங்கே சொட்டுகிறது, கையுறை என்ன செய்தது என்று சொல்லுங்கள். விலை சொல்லும் முன் ஈரமான இடத்தைக் காட்டி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினைக் கழுவித் தரச் சொல்லுங்கள், பிசுக்கோடு திரும்பி வந்தால் சரியானதா என்று உங்களுக்கே தெரியாது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி அட்டை விரித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்தவர்களுக்கு: வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் போகாதீர்கள், ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. வடித்த ஆயிலை லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டப்படி கழிவு எஞ்சின் ஆயில் திட்டமிட்ட கழிவுப் பட்டியலில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் இருக்கிறது. பழைய பாட்டிலிலேயே ஊற்றி, ஆயில் மாற்றும் ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் அதற்கென்று டிரம் இருக்கும்.